பத்திரத்தைப் பார்த்தாயிற்று, கட்டிடத்தைப் பார்த்தது யார்?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளம் 1997-ல் கட்டியது, மாடி 2008-ல் எடுத்தது. விலை 96 லட்சம். புதிதாகப் பெயின்ட் அடித்து, ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். வங்கியிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார், கடனும் கிடைத்துவிட்டது. வாஸ்துவும் பார்த்தோம். மாடிப் படுக்கையறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு மெல்லிய விரிசல் மட்டும் கண்ணில் பட்டது. பெயின்ட் விரிசல்தான் என்கிறார்கள். தனியாக ஒரு இன்ஜினியரை வைத்துக் கட்டிடத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறாள் என் தோழி. என் அண்ணனோ, "பேங்க்காரனே பார்த்துட்டான், அப்புறம் என்ன? தண்டச் செலவு" என்கிறார். அடுத்த வாரம் 10 லட்சம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த வாரம் அந்த 10 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். பத்து நாள் தவணை கேளுங்கள். அந்தப் பத்து நாளில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்) கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டை மொட்டை மாடியிலிருந்து செப்டிக் டேங்க் வரை பார்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு செய்யும் பரிசோதனையால் மனக்கஷ்டம் மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் அண்ணன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பொறியாளரான என்னிடம் வருகிற பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். வங்கி இன்ஜினியர் வந்தது உண்மைதான். அவர் யாருக்காக வந்தார் என்று பாருங்கள். வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தையும், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதத்தையும் மீறக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 96 லட்சம் பெறுமான வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 75 லட்சம் தரும். கட்டிடம் மோசமாகி அதன் மதிப்பு 20 லட்சம் குறைந்தாலும் வங்கியின் பணத்துக்கு ஆபத்தில்லை. முதலில் கரைவது நீங்கள் கையிலிருந்து போடுகிற 21 லட்சம். அதனால் அவர் வேலை, கொடுக்கிற கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பது. அளவு எடுப்பார், பிளானோடு ஒப்பிடுவார், நான்கு போட்டோ எடுப்பார். சன்ஷேடைத் தட்டிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவருக்கு இட்ட வேலையும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை மறைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறது: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறையை அவர் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நாளைக்கு வழக்கு என்று போனால், "உங்கள் கண்ணெதிரேதானே இருந்தது, ஏன் பார்க்கவில்லை?" என்ற கேள்வி உங்கள் பக்கமே திரும்பும். அவருக்குத் தெரிந்தே இருந்தது என்பதை நிரூபிப்பது வேறு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டிடக் குறைக்கு 5 வருடப் பொறுப்பு உண்டு, ஆனால் அது வீட்டை ஒப்படைத்த பில்டரின் பொறுப்பு. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு விற்கிற 1997-ஆம் வருடத்து வீட்டுக்கு அது வராது.

இனி வீட்டுக்கு வருவோம். 1997-ல் சென்னைப் புறநகரில் தனி வீடு எப்படிக் கட்டினார்கள் என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தவன். அன்றைக்கு நடப்பில் இருந்தது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன் 1978-ஆம் வருடப் பதிப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 தரமே போதும் என்றது அது (எண் கூடக் கூட வலிமை கூடும்). 2000-ல் வந்த திருத்தம்தான் குறைந்தது எம்-20 என்று ஆக்கியது. ரூஃப் ஸ்லாபில் கம்பிக்கு அடியில் 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தால் போதும் என்பதும் பழைய விதிதான். அந்த 15 மில்லிமீட்டராவது இருந்ததா என்றால், அதுவும் சந்தேகம். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வாங்க மாட்டார்கள். கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகுவார்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேலே நடக்க நடக்க அது நழுவி, கம்பி பலகையிலேயே படுத்துவிடும். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றுவார்கள்.

இது ஏன் முக்கியம் என்பது அறிவியல் ஆசிரியையான உங்களுக்குச் சட்டென்று புரியும். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 12-க்கு மேலே இருக்கும். அந்தக் காரத்துக்குள் இருக்கிற வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்கிறது. அது கம்பியைத் தொட்ட நாளிலிருந்து துரு ஆரம்பம். துரு, தான் தோன்றிய இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்தப் பருமன் கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்பும். முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே ஒரு விரிசல், பிறகு உப்பல், பிறகு ஒரு நாள் பாளமாகக் கீழே விழும். கால் நூற்றாண்டு தாண்டிய வீடுகளில், சன்ஷேடின் அடிப்பக்கத்திலும் பாத்ரூம் ரூஃபிலும் போர்டிகோவிலும் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்கிற சோதனை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது: ஃபீனால்ஃப்தலீன். கான்கிரீட்டைச் சின்னதாகக் கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் அதைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், போய்விட்ட இடம் நிறமில்லாமல் இருக்கும். கம்பியைச் சுற்றி நிறம் வந்தால் பாதி நிம்மதி. மறுபாதி உப்பு. உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டில், காரம் இருந்தாலும் குளோரைடு கம்பியை அரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அன்று கட்டும்போது போர் தண்ணீரை யார் சோதித்துப் பார்த்தார்கள்? 2022-ல் குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பிறகு நடந்த ஐ.ஐ.டி. டெல்லி ஆய்வில் கான்கிரீட்டில் அளவுக்கு மீறிய குளோரைடு இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்க அது கம்பீரமான கட்டிடம். அதனால் உங்கள் பொறியாளரிடம், கான்கிரீட் தூள் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய "ஹாலில் ஃபால்ஸ் சீலிங்" என்ற மூன்று வார்த்தை என்னை நிறுத்தியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் அக்கா நங்கநல்லூரில் ஒரு பழைய ஃப்ளாட் பார்த்தாள். "நீ வந்து ஒரு தடவை பாரேன், இன்ஜினியர்தானே" என்றாள். நான் போனேன். சாயங்கால நேரம், விளக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள், வீட்டுக்காரர் காபி கொடுத்தார். சுவரைத் தடவிப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். தம்பியாகப் போய்ப் பார்த்தேனே தவிர, பொறியாளராகப் பார்க்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் காலையில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருந்த ஃபால்ஸ் சீலிங் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அதன் மேல் விழுந்து கிடந்தது ரூஃப் கான்கிரீட். மேலே பார்த்தால் கம்பி எலும்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் ஏணி, சுத்தியல், டார்ச் இல்லாமல் நான் போவதில்லை.

எல்லா ஃபால்ஸ் சீலிங்கும் எதையோ மறைக்கத்தான் போட்டது என்று சொல்ல வரவில்லை. அழகுக்காகப் போடுபவர்கள்தான் அதிகம். ஆனால் விற்கப் போகிற வீட்டில், விற்பதற்கு முன்பு, ஒரே ஒரு அறைக்கு மட்டும் போட்டிருந்தால் உள்ளே பார்க்காமல் விடக் கூடாது. அதைப் பிரிக்க வேண்டாம். சீலிங்கில் பதித்த ஒரு விளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டை வழியாகச் செல்போனை நுழைத்து, ஃபிளாஷ் போட்டு நான்கு பக்கமும் வீடியோ எடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. இதற்குக்கூட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாடி. 1997-ல் கீழ்த்தளம், 2008-ல் மேல்தளம் என்றால் நான் முதலில் கேட்கிற கேள்வி: அஸ்திவாரம் போடும்போது எத்தனை மாடிக்குப் போட்டார்கள்? பில்லர், பீம் போட்டுக் கட்டியதா, சுவரே பாரம் தாங்குகிற வீடா? கீழே ஒன்பது இஞ்ச் சுவர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் மேல் சுவர் வந்திருக்கிறதா, இல்லை அறையைப் பெரிதாக்க நாலரை இஞ்ச் சுவரை ஸ்லாபின் நடுவில் தூக்கி வைத்தார்களா? மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பல இடங்களில் களிமண். மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். அந்த மண்ணில் ஆழம் குறைந்த அஸ்திவாரம் வருடா வருடம் ஏறி இறங்கும். அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள், ஆழமாக இறங்கி அடியில் குமிழ் மாதிரி அகலும் கான்கிரீட் தூணான அண்டர் ரீம்டு பைல் போட்டுக் கட்டினார்கள்.

நீங்கள் பார்த்த விரிசலை இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். பூச்சில் மட்டும் சிலந்தி வலை மாதிரி ஓடுகிற விரிசல் ஒன்றும் செய்யாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது வேறு ஜாதி. ஜன்னலுக்கு மேலே வருகிற லின்டல் உத்திரம் சரியாக உட்காராததாலும் வரலாம், அது சின்ன விஷயம். வீட்டின் ஒரு மூலை இறங்குவதாலும் வரலாம், அது பெரிய விஷயம். அதே இடத்தில் வெளிச்சுவரிலும் விரிசல் இருக்கிறதா, கீழ்த்தளத்திலும் அதே மூலையில் தொடர்கிறதா, ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே நுழைகிறதா, பழைய விரிசலைப் பட்டி போட்டு மூடிய தடம் தெரிகிறதா என்று பொறியாளர் பார்ப்பார். நேரில் பார்க்காமல் நான் இங்கிருந்து தீர்ப்புச் சொன்னால் அது தப்பு. பெயின்ட் விரிசல் என்று அவர்கள் சொல்வதும் அப்படித்தான். பெயின்டுக்குத் தானாக ஜன்னல் மூலை தெரியாது.

மாடிக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதை வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். 1997-ல் மடிப்பாக்கம் ஊராட்சி, 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாடி எடுத்த 2008-லும் ஊராட்சிதான். கீழ்த்தளத்து பிளானை மட்டும் காட்டிவிட்டு மாடியைப் பற்றிப் பேசாமல் இருப்பது அங்கே நான் பலமுறை கண்டது.

தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்த வட்டாரம் பட்டது ஊருக்கே தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சுற்றியிருந்த ஏரிகளும் சுருங்கியதால் வந்த கஷ்டம் அது. அந்தத் தெருவில் வெள்ளம் எத்தனை நாள் நின்றது, வீட்டுக்குள் எவ்வளவு உயரம் வந்தது என்று விசாரிக்க வேண்டும். ரோடு போடப் போட உயர்ந்து, வீட்டுத் தரை தெருவுக்குக் கீழே போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற வேலை இப்போது சென்னையில் நிறைய நடப்பது இதனால்தான், அதன் செலவு சின்னதில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவரில் ஓதம் ஏறியிருந்தால், புதுப் பெயின்ட் அதைச் சில மாதம்தான் மறைக்கும். அப்புறம் உப்புப் பூத்து உதிர ஆரம்பிக்கும். கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி ஒட்டி வைத்திருக்கிற இடத்தை நகர்த்திப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

மற்றவை சீக்கிரம் பார்த்துவிடக் கூடியவை. மொட்டை மாடியில் தட்டோடு உப்பியிருக்கிறதா, தண்ணீர் வழிந்தோடுகிறதா, டேங்க் எதன் மேல் நிற்கிறது, பாத்ரூம் தரைக்குக் கீழே கசிவு, நிலைக்கதவில் கரையான், மின்பெட்டியில் எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்சும், சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் எத்தனை அடி. நல்ல பொறியாளருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு "வாங்கவே வாங்காதீர்கள்" என்று நான் எழுதிக் கொடுத்தது குறைவு. கான்கிரீட் உதிர்ந்த இடத்தைச் செதுக்கி, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்ட இடத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலவையால் மூடலாம். தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்தும் ஜாக்கெட்டிங் செய்யலாம். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு விலையும் இருக்கிறது. அந்த விலை உங்களுக்கு எப்போது தெரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடந்த வருடம் பெரம்பூரில் ஒரு குடும்பத்துக்கு இப்படி அறிக்கை கொடுத்தேன். பழுது பார்க்கும் செலவைக் கணக்கிட்டு விற்பவர் முன் வைத்தார்கள். அவர் இரண்டு நாள் கோபித்துக்கொண்டார், பிறகு பெரும்பகுதியை விலையில் குறைத்தார். அந்தப் பணத்திலேயே குடியேறுவதற்கு முன் வேலையை முடித்துவிட்டார்கள். இதே செலவு குடியேறிய பிறகு வந்திருந்தால், தவணையோடு சேர்த்து இன்னொரு கடன்.

சிறிய அறிகுறியைப் பார்க்கத் தெரிந்தால் உயிரே தப்பும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 1993-ல் கட்டியது. அன்றைக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்த ஜனங்கள் அதைப் பூச்சு விரிசல் என்று விட்டுவிடாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று 96 லட்சத்துக்கு எட்டரை லட்சத்துக்கு மேல் கட்டப் போகிறீர்கள். நேரில் ஆய்வு, சுத்தியல் சோதனை, கம்பியை மூடிய கான்கிரீட்டின் தடிமனை அளக்கும் கருவி, ஆய்வுக்கூடச் சோதனை, எழுத்தில் அறிக்கை எல்லாம் சேர்ந்தாலும் இந்த மாதிரி வீட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர்கள் விலை பேசியதும் இப்படியோர் அறிக்கை வாங்குவது சாதாரண வழக்கம், அதற்கு பில்டிங் சர்வே என்றே பெயர். நம் ஊரில் சர்வே என்றால் சங்கிலி போட்டு நிலத்தை அளப்பது மட்டும்தான். மண்ணுக்குக் காட்டுகிற அக்கறையை அதன் மேல் நிற்கிற கூரைக்கும் காட்டலாமே என்பது என் பல நாள் ஆதங்கம்.

"மடிப்பாக்கத்தில் நிலத்துக்குத்தான் காசு, கட்டிடம் எப்படி இருந்தால் என்ன" என்றும் உங்கள் அண்ணன் சொல்லக்கூடும். இடித்துவிட்டுக் கட்டப் போகிறீர்கள் என்றால் அது சரி. அப்போது நில விலை மட்டும்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தரகர் கூட்டிவருபவர் வேண்டாம். வாட்டர் புரூஃபிங் வேலையும் எடுத்துச் செய்கிறவர் வேண்டாம், அவர் கண்ணுக்கு எல்லாமே கசியும். தெரிந்த மேஸ்திரி அனுபவசாலியாக இருக்கலாம், ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க அவரால் முடியாது. 2019-ஆம் வருடக் கட்டிட விதிகளின்படி பதிவு செய்த கட்டமைப்புப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். என்ன குறை, ஏன் வந்தது, உடனே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடலாம் என்பது எது, உத்தேசச் செலவு என்ன, எந்த இடத்தைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்தை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்பவரை நம்ப வேண்டாம்.

தவணை கொடுக்க விற்பவர் மறுத்து, வேறு பார்ட்டி வருகிறது என்று அவசரப்படுத்தினால், சின்னத் தொகை டோக்கன் மட்டும் கொடுங்கள். "கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையில் பெரிய குறை இருந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள். பூச்சைச் சில இடங்களில் கொத்திப் பார்த்து மறுபடி பூசிக் கொடுப்பதற்கான சம்மதத்தையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் பகல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை போய் வாருங்கள். விற்பவரிடம் பேசுவதற்கு முன் பக்கத்து வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போய்ப் பேசுங்கள், 2015 டிசம்பரில் அந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். படுக்கையறை விரிசலை உள்ளேயும் வெளியேயும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, பொறியாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அறிக்கை வந்ததும் எனக்கும் எழுதுங்கள், உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.